காஸ் அடிக்க முன்: பழைய காரின் ஏசிக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

வைகாசியில் கச்சான் என்னும் சூடான தென்மேற்குக் காற்றுத் தொடங்கினால் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து ஏசி கராஜ்களில் ஒரே கோரிக்கைதான்: “கூலிங் குறைஞ்சிட்டு, கொஞ்சம் காஸ் அடிச்சித் தாங்க.” ஏசி காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் அதே காஸ்தான் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய காரில் ரப்பர் ஹோஸ் ஊடாகவும் கொம்பிரசரின் சாஃப்ட் (சுழல் தண்டு) சீல் ஊடாகவும் மிகச் சிறிதளவு கசிவது இயல்பு. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை குறை நிரப்புவதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. வருடா வருடம் அடிக்க வேண்டி வந்தால் எங்கோ லீக் இருக்கிறது. காஸ் சரியாக இருக்கும்போதே வேறு காரணத்தால் கூலிங் குறைந்த காருக்கு மேலும் காஸ் அடித்தால் அழுத்தம் ஏறும், கூலிங் இன்னும் குறையும், கடைசியில் கொம்பிரசரும் போகும். ஆகவே காஸ் போத்தலைத் தொடுவது இந்த வழிகாட்டியில் கடைசிக்கு முந்திய வேலையாகத்தான் வரும்.

இங்கே சொல்பவை கொரோலா 110, 121, சனி, லான்சர், மாருதி, ஆல்டோ போன்ற பெல்ட்டில் ஓடும் கொம்பிரசர் உள்ள கார்களுக்கு. பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் கொம்பிரசர் உயர் வோல்ட்டேஜ் மின்சாரத்தில் ஓடுகிறது. செம்மஞ்சள் நிற வயர்களை நீங்கள் தொடக் கூடாது. அவற்றுக்குரிய ஒயிலும் வேறு. சாதாரணக் காருக்கு ஊற்றும் பேக் (PAG) ஒயில் அதற்குள் போனால் மின்காப்புக் கெட்டுப்போகும்.

சுற்று எப்படி ஓடுகிறது

கொம்பிரசர் காஸை அமுக்கிச் சூடாக்கி, முன் கிரில்லுக்குப் பின்னால் உள்ள கொண்டென்சருக்கு அனுப்பும். அங்கே வெளிக்காற்றுப் பட்டுச் சூடு இறங்கி அது திரவமாகும். டிரையர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எக்ஸ்பான்சன் வால்வின் சிறு துளை வழியாகத் திரவம் எவாபரேட்டருக்குள், அதாவது கராஜ் பேச்சில் ‘கூலருக்குள்’, பாய்ந்து ஆவியாகும்போது காருக்குள் உள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு மீண்டும் கொம்பிரசருக்குப் போகும். கொம்பிரசருக்கு வேண்டிய ஒயிலும் இந்தக் காஸோடு கலந்துதான் சுற்றுகிறது. காஸ் குறைந்தால் ஒயிலும் போய்ச் சேராது. காஸ் இல்லாமல் கொம்பிரசரை வற்புறுத்தி ஓட்டக் கூடாது என்பது அதனால்தான்.

முதல் பத்து நிமிடம்: கை, கண், காது

காரை நிழலில் நிறுத்தி எஞ்சினைச் சூடாக்குங்கள். ஏசியை முழுக் குளிரில் வைத்து, புளோவரைக் கடைசி வேகத்தில் விட்டு, உட்காற்றுச் சுழற்சி பொத்தானை அமுக்குங்கள். நம்முடைய கரையோர ஈரக் காற்றில் வெளிக்காற்றை இழுக்கவிட்டால் கூலரின் வலுவில் பெரும்பகுதி அந்த ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே போய்விடும்.

நடுத் துவாரத்தில் ஒரு சமையல் வெப்பமானியைச் செருகுங்கள். வெளியே 33, 34 பாகை இருக்கும் நாளில் பத்து நிமிடத்துக்குள் 8 முதல் 13 பாகைக்கு இறங்கினால் சுற்று நன்றாக இருக்கிறது. 18க்கு மேலே நின்றால் கோளாறு உண்டு. காரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். நல்ல ஏசி இங்கே சில நிமிடத்திலேயே சொட்டத் தொடங்கும்.

பிறகு பொனட்டைத் திறந்து, பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் உடுப்பை விலக்கி வைத்துக்கொண்டு, எஞ்சினுக்கும் காபினுக்கும் இடைப்பட்ட தகட்டுக்குள் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களைத் தொடுங்கள். தடித்த குழாய் குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாய் இளஞ்சூடாக இருக்க வேண்டும். தடித்த குழாய் நன்றாகக் குளிர்ந்தும் உள்ளே காற்றுச் சூடாக வந்தால் காஸில் பிழை இல்லை, கோளாறு காபினுக்குள் இருக்கிறது.

எப்போது கூலிங் போகிறது என்பதே பாதி விடை. ஓடும்போது குளிர்ந்து, சந்தியில் நின்றால் சூடாகிறது என்றால் ஃபேன் அல்லது கொண்டென்சர். முதலில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரம் ஓடியபின் காற்றின் வேகமே குறைகிறது, நிறுத்திச் சற்று நேரத்தில் மீண்டும் வருகிறது என்றால் கூலரில் ஐஸ் கட்டுகிறது. காற்று வேகமாக வந்துகொண்டே குளிர் மட்டும் திடீரென்று நின்றால் கொம்பிரசரைப் பெல்ட்டோடு சேர்த்துவிடும் காந்தக் கிளச் அல்லது மின்சாரம். கிழமைக் கணக்கில் மெதுவாகக் குறைந்துவந்தால் அப்போதுதான் லீக்கைச் சந்தேகியுங்கள்.

கொண்டென்சர்: இந்தப் பக்கத்துக் கார்களின் முதல் எதிரி

கடற்பக்க எழுவான்கரைக்கு உப்பு, வயற்பக்கப் படுவான்கரைக்குத் தூசி. கல்லடி, காத்தான்குடி, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலோரத்தில் நிறுத்தப்படும் கார்களின் கொண்டென்சரில் மெல்லிய அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாகி உதிரும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் இது வேகமாகும். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, சம்மாந்துறை, இறக்காமம் பக்கம் ஓடும் கார்களுக்கு வேறு தொல்லை. மாசி, பங்குனிப் பெரும்போக அறுவடையிலும் ஆவணிச் சிறுபோக அறுவடையிலும் பதரும் வைக்கோல் தூசியும் காற்றில் பறக்கும். அவை கொண்டென்சரின் முன்பக்கத்தில் மட்டுமல்ல, கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரற்கடை இடைவெளியிலும் போய்ப் படியும். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். நடுவில் கம்பளி மாதிரி ஒரு படை இருக்கும்.

சோதனை எளிது. ஏசி ஓடும்போது ஒரு கடதாசித் தாளை கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். கொண்டென்சர் அதை இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் காற்றுப் போகவில்லை. மின் ஃபேன் உள்ள பெரும்பாலான கார்களில் கிளச் பிடித்தவுடன் ஃபேனும் சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் ஃபேன் பியூஸ், ரிலே, மோட்டர் என்ற வரிசையில் பாருங்கள். சுற்றினாலும் நம்பிவிடாதீர்கள். பிரஷ் தேய்ந்த மோட்டர் மெதுவாகச் சுற்றும். வயரை மாற்றிக் கொடுத்திருந்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காற்றை முன்னால் தள்ளும்.

அடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கொண்டென்சர் முழுவதும் தண்ணீரைப் பூவாளி மாதிரித் தெளியுங்கள். இரண்டு நிமிடத்தில் துவாரத்து வெப்பமானி நாலைந்து பாகை இறங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. காஸ் சரி, சூடு வெளியேறத்தான் வழியில்லை.

கழுவும் முறை இது. எஞ்சின் ஆறியபின் பற்றரியின் மறை (−) வயரைக் கழற்றுங்கள். ரேடியேட்டரின் மேல் தாங்கிகளின் போல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை எஞ்சின் பக்கமாக ஓரிரு சென்ரிமீற்றர் சாய்த்தால் நடு இடைவெளி திறக்கும். குழாய்களை இழுக்க வேண்டாம். சாதாரணத் தண்ணீர் ஹோஸை அந்த இடைவெளிக்குள் விட்டு, உள்ளிருந்து வெளியே, கார் ஓடும்போது காற்று வரும் திசைக்கு எதிராக அடியுங்கள். அழுக்கு ஒட்டியிருந்தால் கோப்பை கழுவும் திரவத்தைக் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு மீண்டும் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்தின் உயர் அழுத்தத் துப்பாக்கியைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடிந்து வழியை நிரந்தரமாக அடைத்துவிடும். கடுமையான அமிலம், கோஸ்டிக் கலந்த கழுவு திரவங்களும் வேண்டாம், அலுமினியத்தைத் தின்னும். கடலோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதையும் தவிர்த்துக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் உதவாது. கரையோரக் காருக்கு மாதம் ஒருமுறை, வயல் பக்கக் காருக்கு ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் இதைச் செய்தால் போதும்.

தகடுகள் கைபட்டாலே உதிர்கின்றன என்றால் கழுவிப் பயன் இல்லை, கொண்டென்சரை மாற்றுங்கள். மெல்லிய தட்டைக் குழாய்கள் பல பக்கம் பக்கமாக ஓடும் வகையைப் பழையதாக வாங்க வேண்டாம். முந்திய காரில் உடைந்த கொம்பிரசரின் உலோகத்தூள் உள்ளே இருந்தால் எதைக் கொண்டு அலசினாலும் போகாது.

கிளச் பிடிக்கவில்லை

ஏசி பொத்தானை அமுக்கியதும் ‘டக்’ என்று கேட்டு, புலியின் (பெல்ட் ஓடும் சில்லின்) முன்னால் உள்ள தட்டுச் சேர்ந்து சுற்ற வேண்டும். புலி மட்டும் சுற்றித் தட்டு நின்றால்:

1. ஏசி பியூஸைப் பாருங்கள். ரிலேயைக் கழற்றி, அதே இலக்கமுள்ள ஹோர்ன் ரிலேயைப் போட்டுப் பாருங்கள். செலவில்லாத இந்தச் சோதனையில் நிறையக் கார்கள் சரிவந்துவிடும்.

2. கிளச் வயரில் மல்டிமீற்றரை வையுங்கள். எஞ்சினும் ஏசியும் ஓடும்போது 12 வோல்ட்டுக்குமேல் வந்தும் தட்டுப் பிடிக்காவிட்டால் கோளாறு கிளச்சில். வராவிட்டால் பிரஷர் சுவிச், கூலர் சென்சர், வயர்.

3. எஞ்சினை நிறுத்தி வயரைக் கழற்றிச் சுருளின் தடையை அளவுங்கள். 3 முதல் 5 ஓம் இயல்பு. எதுவும் காட்டாவிட்டால் சுருள் எரிந்துவிட்டது.

4. தட்டுக்கும் புலிக்கும் இடையே பீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) விடுங்கள். பெரும்பாலான கொம்பிரசர்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீற்றர் இருக்க வேண்டும்.

இந்த நாலாவது விடயத்தில் சற்று நிற்க வேண்டும். பழைய கார்களில் தட்டுத் தேய்ந்து இடைவெளி 0.8, 1 மில்லிமீற்றர் ஆகிவிடும். காலையில் ஏசி நன்றாக வேலை செய்யும். எஞ்சின் அறை சூடாகச் சுருளின் தடை கூடி, காந்த இழுப்புக் குறைந்து, தட்டைப் பிடிக்க முடியாமல் போகும். செங்கலடி தாண்டியதும் ஏசி நின்றுவிடும், காத்திருந்து போட்டால் மீண்டும் வரும். இதற்காகக் கொம்பிரசரையே மாற்றிவிடுகிறார்கள். உண்மையில் தட்டின் நடு போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய வளையங்களில் ஒன்றை எடுத்துவிட்டாலோ மெல்லியதாக மாற்றினாலோ இடைவெளி சரியாகும். அரை மணி நேர வேலை.

பிரஷர் சுவிச் ஏறத்தாழ 28 பி.எஸ்.ஐ.க்குக் கீழும் 450க்கு மேலும் கிளச்சை நிறுத்திவிடும். காஸ் முழுதாகப் போயிருந்தால் கிளச் பிடிக்காததுதான் சரி. அந்தச் சுவிச்சை வயர் போட்டு நேராக இணைத்து ஓட்டினால் ஒயில் இல்லாமல் கொம்பிரசர் சிறிது நேரத்திலேயே உள்ளே அரைபடத் தொடங்கும்.

பெல்ட்டையும் மறக்க வேண்டாம். இரண்டு புலிக்கு நடுவே பெருவிரலால் அழுத்தினால் 10 மில்லிமீற்றர் அளவு இறங்கலாம். அதற்குமேல் தொய்ந்தால் கீச்சிடும், வழுக்கும்.

கேஜ் என்ன சொல்கிறது

எஞ்சின் நின்று ஆறிய காரில் ஆர் 134ஏ என்ற ஏசி காஸின் அழுத்தம் வெளி வெப்பத்தைப் பொறுத்தது. 30 பாகையில் சுமார் 97 பி.எஸ்.ஐ., 35 பாகையில் சுமார் 114. இதைவிட நன்றாகக் குறைந்தால் காஸ் இல்லை. ஆனால் இந்த அளவு இருந்தாலே காஸ் நிறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே ஒரு துளி திரவம் மிஞ்சியிருந்தாலும் கேஜ் இதையேதான் காட்டும்.

பிறகு 1500 ஆர்.பி.எம்.மில், கதவுகளைத் திறந்து, புளோவரை முழுதாக விட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். 30–35 பாகை நாளில் நீலக் கேஜ் (தாழ் அழுத்தப் பக்கம்) 25–40, சிவப்புக் கேஜ் (உயர் அழுத்தப் பக்கம்) 200–250 பி.எஸ்.ஐ. என்ற அளவில் நிற்க வேண்டும்.

இரண்டும் குறைவு: காஸ் குறைவு. இரண்டும் அதிகம்: காஸ் கூடிவிட்டது, கொண்டென்சருக்குக் காற்றில்லை, அல்லது சுற்றுக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. முன் சொன்ன தண்ணீர்ச் சோதனையில் சிவப்பு முள் விரைவாக இறங்கினால் கொண்டென்சர்தான். நீலம் அதிகம், சிவப்புக் குறைவு: கொம்பிரசர் தேய்ந்து அமுக்க முடியவில்லை. நீலம் பூச்சியத்துக்குக் கீழே இழுக்கிறது: எக்ஸ்பான்சன் வால்வ் அடைபட்டது. அதுவே சிலநேரம் சரியாகி மீண்டும் இழுத்தால், உள்ளே இருக்கும் ஈரம் வால்வின் துளையில் ஐஸாகி உருகுகிறது. டிரையரை மாற்றி நன்றாக வெற்றிடம் இழுத்தால் போய்விடும். நீலம் அதிகமாகி, கொம்பிரசருக்குத் திரும்பும் தடித்த குழாய் வழிநெடுகப் பனி படர்ந்திருந்தால் வால்வ் திறந்தபடியே சிக்கிவிட்டது.

லீக்கைத் தேடுதல்

காஸ் கசியும் இடத்தில் ஒயிலும் கசியும், ஒயிலில் தூசி ஒட்டும். ஆகவே முதலில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்த இடங்களைத் தேடுங்கள்: ஹோஸ் பொருத்துகள், கேஜ் மாட்டும் வால்வுகள், கொம்பிரசரின் கிளச் பக்கம், கொண்டென்சரின் கீழ் மூலைகள். அந்த இடங்களில் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். கேஜ் மாட்டும் வால்வின் மூடி இல்லாமல் ஓடும் கார்கள் ஏராளம். சில நூறு ரூபாய் மூடி இல்லாததால் உப்பும் தூசியும் புகுந்து வால்வ் ஊசி கசியும்.

வெளியே எங்கும் இல்லை என்றால் கூலரைச் சந்தேகியுங்கள். யூ.வி. சாயம் ஏற்றி, ஒரு கிழமை ஓடி, தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் யூ.வி. விளக்கைப் பிடித்தால் பச்சையாக ஒளிரும். டாஷ்போர்ட்டைக் கழற்றும் வேலை என்பதால் இந்த உறுதி இல்லாமல் யாரையும் கழற்றவிட வேண்டாம்.

வெறும் சுற்றுக்குள் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க நைதரசன் மட்டுமே. ஒட்சிசன் ஒயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்று ஈரத்தைக் கொண்டுபோகும். லீக்கை அடைக்கும் திரவம் என்று விற்கும் போத்தல்களை நாங்கள் எந்தக் காருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது வால்வையும் கராஜின் இயந்திரத்தையும் சேர்த்தே அடைக்கும்.

காஸ் ஏற்றும் ஒழுங்கு

மிஞ்சிய காஸை இயந்திரத்தால் மீட்டெடுக்கச் சொல்லுங்கள், வெளியே திறந்துவிடுவது சரியல்ல. கழற்றிய ஒவ்வொரு பொருத்திலும் 134ஏக்குரிய புது ஓ-ரிங்கை ஏசி ஒயில் தடவிப் போட வேண்டும். சுற்று திறந்து கிடந்தால் டிரையரை மாற்றியே ஆக வேண்டும். டிரையரின் மூடிகளைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்றலாம். மார்கழி ஈரத்தில் அது சற்று நேரம் திறந்திருந்தாலே ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும்.

மாற்றிய பாகத்துக்கேற்ப ஒயில் சேருங்கள்: கொண்டென்சருக்கும் கூலருக்கும் தலா 40 மில்லிலீற்றர், டிரையருக்கு 10–20. கொம்பிரசரை மாற்றினால் பழையதில் வடிந்ததை அளந்து அதேயளவு. 1994க்கு முந்திய கார்கள் பலவற்றில் ஆர் 12 என்ற பழைய வகைக் காஸ் இருந்தது. திருகும் வகை வால்வுகள் இருந்தால் அது பழைய அமைப்பு. அதை 134ஏக்கு மாற்றும்போது ஒயில், டிரையர், ஓ-ரிங் எல்லாமே மாற வேண்டும். காஸும் பழைய அளவில் 80–85 வீதம்தான்.

வெற்றிடப் பம்ப் 30 முதல் 45 நிமிடம் ஓட வேண்டும். நாம் கடல்மட்டத்தில் இருப்பதால் நீலக் கேஜ் 29 அங்குலப் பாதரச வெற்றிடத்தைத் தாண்ட முடியும், தாண்டத்தான் வேண்டும். 30 பாகை நாளில் உள்ளே உள்ள ஈரம் கொதித்து வெளியேறுவது ஏறத்தாழ அந்த இடத்தில்தான். ஐந்து நிமிடம் இழுத்துவிட்டுப் போதும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பம்ப்பை நிறுத்தி 20 நிமிடம் பாருங்கள். முள் ஏறினால் லீக் இன்னும் இருக்கிறது.

காஸை நிறுத்துப் போட வேண்டும். பொனட்டின் உட்புறத்திலோ ரேடியேட்டர் மேல் தகட்டிலோ உள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும். சின்னக் கார்களுக்கு 350–500, செடான்களுக்கு 500–750 என்பது பொதுவான வீச்சு, ஆனால் ஸ்டிக்கரே முடிவு. 500 கிராம் சுற்றுக்குள் 100 கிராம் கூடினால் அது ஐந்தில் ஒரு பங்கு. கேஜைப் பார்த்து மட்டும் இந்தத் துல்லியம் வராது, போத்தலைத் தராசில் வைத்தால்தான் வரும். எஞ்சின் ஓடும்போது நீலப் பக்கத்தால் மட்டும், போத்தலை நிமிர்த்தி, ஆவியாகவே விட வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் திரவம் போய்க் கொம்பிரசர் வால்வை உடைக்கும். ஓடும் காரில் சிவப்பு வால்வைத் திறந்தால் அந்த அழுத்தம் போத்தலுக்குள் போய் அது வெடிக்கலாம். திரவக் காஸ் மைனஸ் 26 பாகையில் கொதிப்பது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஹோஸைக் கழற்ற வேண்டாம்.

சமையல் காஸை ஏசிக்கு ஏற்றித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். குளிரத்தான் செய்யும். கூலர் கசிந்தால் அந்தக் காஸ் கதவு மூடிய காருக்குள், பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் வரும். ஒரு தீப்பொறி போதும்.

காபினுக்குள் இருக்கும் கோளாறுகள்

புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது, புளோவருக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்குரூவில் இருக்கும். இடதுபக்கக் கால் விரிப்பு நனைந்தால் தண்ணீர்க் குழாய் அடைபட்டது, கீழிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாக ஊதினால் போதும். குழாய் குளிர்ந்தும் காற்றுச் சூடாக வந்தால் ஹீட்டர்க் கதவு முழுதாக மூடவில்லை. அதன் கேபிளைச் சரிசெய்யுங்கள். கூலரில் ஐஸ் கட்டினால் சென்சரை அளவுங்கள். பல டொயோட்டாக்களில் 25 பாகையில் 1.5 கிலோஓம், பூச்சியப் பாகையில் 4.5 முதல் 5 வரை. காபின் ஃபில்டரும் கூலரின் முகமும் பதர்த் தூசியால் மூடினாலும் இதே ஐஸ்தான் கட்டும்.

வேலை முடிந்ததும் திகதி, போட்ட காஸ் கிராம், சேர்த்த ஒயில், அன்றைய வெளி வெப்பம், நடுத் துவாரத்து வெப்பம் ஐந்தையும் ஒரு துண்டில் எழுதிப் பொனட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த கச்சானில் கூலிங் குறைந்ததாகத் தோன்றினால் அதே வெப்பமானியை அதே துவாரத்தில் செருகி, அந்தத் துண்டோடு ஒப்பிட்டபின் கராஜுக்குப் போங்கள்.